பாதிக் காரை வைத்து முழுக் காரைச் சொல்ல: 10 மடங்கு லூப்பும் செல்போன் படத்தேடலும், ஒரு மதிப்புரை

புதுச்சேரி, கடலூர் வீடுகளின் பழைய ஆல்பங்களில் கார் முழுசாகத் தெரியும் படம் அபூர்வம். படம் எடுத்தவருக்குப் பொண்ணு மாப்பிள்ளைதான் முக்கியம். கார் அவர்களுக்குப் பின்னால், மாலைக்கும் பட்டு வேட்டிக்கும் நடுவே எட்டிப் பார்க்கும். பாதி ஹெட்லைட், ஒரு மட்கார்டின் வளைவு, கதவுக் கைப்பிடி, பம்பரின் ஒரு முனை என்று அவ்வளவுதான் மிஞ்சும். அந்தத் துண்டை வைத்து இது எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த வருஷத்துக்குள் என்று கண்டுபிடிப்பதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு சாதனங்கள் கைவசம் உண்டு. ஒன்று, நகைப்பட்டறையில் வைரம் பார்க்கும் மடக்கு லூப், அதாவது கண்ணை ஒட்டிப் பிடிக்கும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி. மற்றது, செல்போனில் படத்தைக் காட்டித் தேடும் வசதி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செல்போன் தேடல் வெளிநாட்டில் பெயர் பெற்ற கார்களுக்கு நல்ல தொடக்கம். நம் ஊர்த் தெருக்களில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை இந்தியாவில் தயாரானவை, அவற்றுக்கு அது போதாது. அங்கே சில நூறு ரூபாய் லூப்தான் வேலை செய்கிறது, அதுவும் வாங்கும்போது ஏமாறாமல் வாங்கினால்.

ஏமாற்று பெரும்பாலும் எண்ணில் இருக்கிறது. மலிவு லூப்பின் உடலில் '30X 21 மி.மீ.' (30 மடங்கு, கண்ணாடியின் விட்டம் 21 மி.மீ.) என்று பொறித்திருப்பார்கள். 30 மடங்கு என்றால் லென்ஸுக்கும் படத்துக்கும் நடுவே சுமார் 8 மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்க வேண்டும். கடையிலேயே சோதித்துவிடலாம். லூப்பைக் கண்ணை ஒட்டி வைத்து, ரூபாய் நோட்டு ஒன்றை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். எழுத்து பளிச்சென்று தெரியும் இடத்தில் நிறுத்தி, லென்ஸிலிருந்து நோட்டு வரை எவ்வளவு என்று ஸ்கேலில் அளந்து, 250-ஐ அந்த மில்லிமீட்டரால் வகுத்தால் உண்மையான மடங்கு வரும். 25 மி.மீ. வந்தால் 10 மடங்கு. '30X' போட்டவற்றில் பல இந்தச் சோதனையில் 10-ஐச் சுற்றியே நிற்கும். அது பாதகமில்லை, நமக்கு வேண்டியதும் 10-தான். நிஜமாகவே 20, 30 மடங்கு இருந்தால் பழைய பிரிண்டில் படத்தை உருவாக்கிய வெள்ளிக் குருணைதான் தெரியும், கார் தெரியாது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு கிராஃப் தாள் போதும். மில்லிமீட்டர் கோடுகள் ஓரத்தில் வளைகின்றனவா, கறுப்புக் கோட்டின் விளிம்பில் நீலமோ மஞ்சளோ ஒழுகுகிறதா என்று பாருங்கள். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த டிரிப்லெட் லென்ஸில் இரண்டும் மிகக் குறைவு. 'டிரிப்லெட்' என்று பெட்டியில் அச்சடித்துவிட்டு உள்ளே ஒற்றைக் கண்ணாடி வைத்திருந்தால் ஓரக் கோடுகள் வில்லாக வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். இது அழகுக் குறைச்சல் மட்டுமல்ல. கிரில் கம்பி நேரா வளைவா என்பதைத் தீர்மானிக்கிற இடத்தில் லென்ஸே கோட்டை வளைத்தால் பதில் தப்பாகிவிடும்.

வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் இதற்குச் சரிப்படுமா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் மடங்கு பொதுவாகக் குறைவு. படம் முழுவதையும் ஒருமுறை மேய்ந்து பார்க்க நன்றாக இருக்கும், எழுத்தைப் படிக்கப் போதாது. படத்தின் மேலேயே உட்காரும் அடிப்பாகம் உள்ள 8 மடங்கு ஸ்டாண்டு லூப் கை நடுக்கம் உள்ளவர்களுக்கு மிக வசதி. ஆனால் அதன் விளிம்பில் ஒட்டிய கடற்கரை மணல் ஒரு துகள் போதும், பிரிண்டில் கீறல் விழும். ஒவ்வொரு முறையும் மென்துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், வைத்த பிறகு இழுக்கக் கூடாது, தூக்கித்தான் நகர்த்த வேண்டும்.

லூப்பால் எவ்வளவு தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு. பழைய பெட்டிக் கேமராவில் எடுத்த 6 × 9 செ.மீ. காண்டாக்ட் பிரிண்டில் (பெரிதாக்காமல் நெகட்டிவ் அளவிலேயே எடுத்த பிரிண்டில்) ஓர் அம்பாசடர் 6 செ.மீ. நீளத்துக்கு விழுந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கார் நிஜத்தில் 4.3 மீட்டர். எனவே படம் ஏறத்தாழ 72-இல் ஒரு பங்கு. 7 அங்குல ஹெட்லைட், அதாவது 178 மி.மீ., படத்தில் இரண்டரை மில்லிமீட்டர். வெறுங்கண்ணுக்கு அது ஒரு புள்ளி. 10 மடங்கு லூப்பில் 25 மி.மீ., பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. ஹெட்லைட்டைச் சுற்றிய வளையம் தட்டையா தடித்ததா, மேலே தொப்பி போல நீட்டிக்கொண்டிருக்கிறதா, கண்ணாடியின் நடுவில் கம்பெனிப் பட்டை இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பட்டையிலுள்ள எழுத்து 15 மி.மீ. என்றால் படத்தில் 0.2 மி.மீ. படம் கூர்மையாக விழுந்திருந்தால் மட்டுமே அதைப் படிக்கலாம். படிக்க முடிந்தால் பெரிய துப்பு: லூகாஸ் என்றால் இங்கிலாந்துப் பரம்பரை, மார்ஷல், சிபியே என்றால் பிரான்ஸ், கரெல்லோ என்றால் இத்தாலி. ஆனால் உடைந்த லைட்டுக்குக் கிடைத்ததை மாட்டி ஓட்டுவது அன்றும் வழக்கம்தான், எனவே இந்த ஒன்றை மட்டும் நம்பி முடிவுகட்டக் கூடாது.

வெளிச்சம் முக்கியம். பளபளப்பு பிரிண்டை ஜன்னல் பக்கம் வைத்து, ஒளி பக்கவாட்டில் தாழ்வாக விழும்படி சாய்த்தால் கண் கூசாது. பழைய பிரிண்டின் கறுப்புப் பகுதிகளில் வெள்ளி மேலெழுந்து கண்ணாடி மாதிரி மின்னும். டயர், கிரில், காருக்கு அடிப்பக்கம் எல்லாம் அங்கேதான் மறையும். படத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் அந்த மினுமினுப்பு விலகி உள்ளே இருப்பது தெரியும். ஸ்கேனரில் இப்படித் திருப்பிப் பார்க்க வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே லூப்பை விடக் கூடாது.

இனி செல்போன் தேடல். சரியாகப் பயன்படுத்தினால் இதன் பலம் கொஞ்சநஞ்சமல்ல. முழுப் படத்தையும் கொடுத்தால் அது புடவையைக் காட்டும், கோபுரத்தைக் காட்டும். எனவே காரின் துண்டை மட்டும் வெட்டிக் கொடுக்க வேண்டும், அதையும் மூன்று விதமாக: முதலில் தெரியும் கார்ப் பகுதி மொத்தம், அடுத்து விளக்கும் கிரில்லும், கடைசியாகச் சக்கரமோ கைப்பிடியோ. மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் அந்தப் பெயரை மேற்கொண்டு சோதிக்கலாம். மூன்றும் மூன்று பெயரானால் மூன்றையும் ஒதுக்கிவிடலாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசிவிட்டுத் தேடுவது பெரிய தப்பு. பூசுகிற மென்பொருள் இல்லாத குரோம் பட்டையைப் போட்டுவிடும், தேடல் அதையே பிடித்துக்கொள்ளும். படத்தைக் 'கூர்மையாக்கும்' வசதியும் அப்படித்தான், கிரில்லில் இல்லாத கம்பியை அது வரைந்துவிடும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் முதுகு மட்டும் தெரிந்தாலும் தேடல் சொல்லிவிடும். வருஷத்தை நாமே சொல்லலாம்: பின்கண்ணாடி நடுவில் பிளந்திருந்தால் 1953 மார்ச்சுக்கு முன், முட்டை வடிவமானால் அங்கிருந்து 1957 வரை, செவ்வகமானால் அதற்குப் பிறகு. மோரிஸ் மைனரில் முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1956-க்கு முந்தையது. பானட் நுனியில் சிங்கத்தலை இருந்தால் பீஜோ 203 அல்லது தொடக்ககால 403. சிறகு முளைத்த 'ஏ' இருந்தால் ஆஸ்டின். ஆஸ்டின் ஏ40-ஐ அசோக் லேலண்டின் முன்னோடியான அசோக் மோட்டார்ஸ் எண்ணூரிலேயே கோத்து விற்றது என்பதால், தென்னாற்காட்டுப் படங்களில் அதை எதிர்பார்க்கலாம்.

தேடல் தடுமாறுகிற இடம் நம் கார்கள். அம்பாசடரைக் கொடுத்தால் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்கிறது. அதில் பாதி நியாயம் உண்டு, அம்பாசடர் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வார்ப்புதான். ஆனால் இங்கிலாந்தில் 1956 முதல் 1959 வரை மட்டும் வந்த கார் அது. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசடராக 2014 வரை வந்தது. தேடல் சொல்லும் வருஷத்தை அப்படியே படத்தின் பின்னால் எழுதிவைத்தால், 1980-இல் எடுத்த கல்யாணப் படம் 1957-க்குப் போய்விடும். ஃபியட்டிலும் இதே கதை. இத்தாலியில் 1100டி 1966-இல் நின்றது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி அதையே பத்மினி என்ற பெயரில் சுமார் 2000 வரை கொண்டுவந்தது. வெளிநாட்டு வருஷம் நம் காருக்கு 'இதற்கு முன் இருந்திருக்காது' என்ற கீழ் எல்லையை மட்டுமே தரும், மேல் எல்லையைத் தராது.

அம்பாசடரின் துண்டு கிடைத்தால் பார்க்க வேண்டிய முதல் இடம் கிரில்லும் பார்க்கிங் லைட்டும். 1960-களின் தொடக்கத்தில் வந்த மார்க் 2-இல் கிரில் நெருக்கமான சிறு கட்டங்களாக இருக்கும், பார்க்கிங் லைட் கிரில்லின் இரு கோடியில் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். 1975-இல் வந்த மார்க் 3-இல் கிரில் படுக்கைக் கம்பிகளாக மாறி, வட்ட லைட் வெளியே தனியாக வந்துவிட்டது. 1979-இன் மார்க் 4-இல் கிரில் சுருங்கி, லைட் சதுரமானது. வேட்டி மறைத்து ஒரு மூலை மட்டும் தெரிகிற படத்திலும் 'லைட் உள்ளேயா வெளியேயா, வட்டமா சதுரமா' என்ற கேள்விக்கு லூப் பதில் சொல்லிவிடும். கிரில்லே தெரியாமல் பானட்டின் பக்கவாட்டு மட்டும் தெரிந்தால், பள்ளமாக ஓடும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். வரி இருந்தால் அம்பாசடர், வழவழவென்று இருந்தால் அதற்கு முந்தைய லேண்ட்மாஸ்டராக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. டாக்ஸிகளில் கிரில் மாற்றுவது சர்வ சாதாரணம். பழைய உடம்பில் புதிய முகம் மாட்டியிருப்பார்கள், சில சமயம் நேர்மாறாகவும் இருக்கும். அதனால் குறைந்தது மூன்று பாகமாவது ஒரே மாடலைச் சொல்ல வேண்டும், அந்த மூன்றும் ஒன்றோடொன்று சேர்த்து மாற்றக்கூடியவையாக இருக்கக் கூடாது. கிரில், பம்பர், பார்க்கிங் லைட் மூன்றும் ஒரே பட்டறையில் ஒரே நாளில் மாறும், அவற்றை ஒரே சாட்சியாகத்தான் எண்ண வேண்டும். கதவுக் கீல், கண்ணாடிச் சட்டம், கூரையின் வளைவு ஆகியவை சுலபத்தில் மாறாதவை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்தத் தேடலை மிகவும் திணறடிக்கும் கார். சென்னையில் 1961 முதல் வந்த இது பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் தம்பி. தேடல் டிரையம்ஃப் என்றே சொல்லும். ஆனால் பிரிட்டனில் ஹெரால்டுக்கு நாலு கதவு வந்ததே இல்லை, இந்தியாவில்தான் வந்தது. ஆக, ஹெரால்டு மூக்கும் பின்சீட்டுக்குத் தனிக் கதவும் ஒரே படத்தில் தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'சென்னைக் கார்' என்று எழுதலாம். அடுத்த சந்தேகம் அதே கம்பெனியின் கஸல் (1972 முதல்). ஹெரால்டில் மட்கார்டோடு சேர்த்து மூக்கு முழுவதுமே முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், எனவே மட்கார்டுக்கும் பானட்டுக்கும் நடுவே மூடிக்கோடு இருக்காது. கஸலில் மட்கார்டு நிலையாக நின்று பானட் மட்டும் திறக்கும், அங்கே கோடு ஓடும். முழங்கை ஊன்றி நிற்கிறவரின் கைக்குக் கீழே அந்தக் கோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 10 மடங்கில் மயிரிழை போலத் தெரியும்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் பிரெஞ்சுக் கார்கள். 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சி இருந்த ஊர் என்பதால் சித்ரொயன், ரெனோ, பீஜோ ஆகியவற்றை இங்கே எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. சக்கரத்தில் தொப்பி இல்லாமல் போல்ட் தெரிந்தால் எண்ணுங்கள். மூன்றே மூன்று என்றால் சித்ரொயன் 2சிவி, ரெனோ 4, பீஜோ 404 போன்றவற்றில் தேடத் தொடங்கலாம். 2சிவியின் பானட் முழுவதும் தகரக் கூரை போல நெளிவரிகளாக இருந்தால் 1960 வரை, அகலமான ஐந்து வரிகளாகக் குறைந்திருந்தால் அதற்குப் பிறகு. ரெனோ 4சிவியின் முகத்தில் ஆறு பட்டை என்றால் 1953 வரை, மூன்று பட்டை என்றால் அதன் பின். சித்ரொயன் டிராக்சியோன் அவாங்கில் கால் வைத்து ஏறும் படிப்பலகை கிடையாது. அதன் டிக்கியின் மேல் ஸ்டெப்னியின் வட்டம் தெரிந்தால் 1952-க்கு முந்தையது, டிக்கி புடைத்திருந்தால் பிந்தையது. வண்ணப் படமானால் ஹெட்லைட் மஞ்சளா என்றும் பார்க்கலாம். பிரான்ஸில் 1993 வரை மஞ்சள் விளக்குதான் சட்டம். ஆனால் படமே பழுப்பேறியிருந்தால் எல்லா விளக்கும் மஞ்சளாகத்தான் தெரியும், பக்கத்தில் நிற்கிறவரின் வெள்ளைச் சட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும்.

கதவுக் கீல் முன்பக்கம் இல்லாமல் பின்பக்கம் இருந்தால் (கைப்பிடி முன்கண்ணாடிப் பக்கம் வரும்) டிராக்சியோன், 4சிவி, 1964 வரையிலான 2சிவி, தொடக்ககால ஃபியட் 1100-103 ஆகிய நான்கையும் ஒன்றாக நினைவில் வைக்க வேண்டும். ஃபியட்டில் வால்சிறகு (பின் மட்கார்டின் மேல் எழும் கூர்மையான விளிம்பு) 1957-இல் வந்தது. எனவே பின்கீல் கதவும் உருண்டை வாலும் சேர்ந்தால் அது முதல் தலைமுறை.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பின் மட்கார்டின் மேல் கூர்மையான சிறகும் செங்குத்து விளக்கும் மட்டும் தெரியும் 1960-களின் படம். தேடல் ஒருமுறை பீஜோ 404 என்னும், மறுமுறை ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் என்னும், இன்னொரு முறை ஃபியட் 1800 என்னும். குற்றம் தேடலிடம் இல்லை. பீஜோ, ஆஸ்டின் இரண்டுக்கும் இத்தாலியின் பினின்ஃபரீனா பட்டறையே வரைந்து கொடுத்தது, ஃபியட்டும் அதே சாயலில் வந்தது. சிறகை விட்டுவிட்டுச் சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் போக வேண்டும்.

பக்கவாட்டில் நேராக எடுத்த படமானால் ஒரு விகிதமும் உதவும். இரு சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை ரிம்மின் விட்டத்தால் வகுத்தால் அம்பாசடருக்கு 6.5, ஃபியட் 1100-க்கு 6.6, ஹெரால்டுக்கும் பீஜோ 404-க்கும் ஏறத்தாழ 7 வரும். அம்பாசடரா ஃபியட்டா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது, அளக்கும் பிழையே அதைவிடப் பெரிது. 'ஹெரால்டா ஃபியட்டா' என்ற சண்டையை இது தீர்த்துவைக்கும். படம் கொஞ்சம் சாய்ந்து எடுத்ததானால் இந்த வழியே வேண்டாம்.

ஸ்டீரிங் இடது பக்கம் தெரிந்தால் உடனே 'பிரெஞ்சுக் கார்' என்று குதிக்காதீர்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கலாம். காரை விட்டுவிட்டு மனிதர்களைப் பாருங்கள்: புடவை முந்தானை வலது தோளில் கிடக்கிறதா, ஆண்கள் சட்டையின் பொத்தான் பட்டி தலைகீழாக மடிந்திருக்கிறதா? அப்படியானால் படமே இடம் வலம் மாறியது. இதை எந்தத் தேடலும் சொல்வதில்லை, லூப்பில் ஒரு நிமிஷ வேலை.

பத்திரிகையில் அச்சான படத்துக்கு 10 மடங்கு லூப் பயனில்லை. மைப்புள்ளிகள் பூதாகரமாகி உருவம் கலைந்துவிடும். அதற்கு 3, 4 மடங்கே நல்லது. பிரிண்டைக் கையால் அடிக்கடி தொடுவது பிடிக்காதவர்கள் ஸ்கேன் செய்துகொள்ளலாம். சாதாரணப் பிரிண்டுக்கு 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், சிறிய காண்டாக்ட் பிரிண்டுக்கு 1200. மேலே சொன்ன இரண்டரை மில்லிமீட்டர் ஹெட்லைட் 1200-இல் சுமார் 118 புள்ளி அகலம் கிடைக்கும், 600-இல் அதில் பாதி. பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்கவே கூடாது. நம் கடற்கரை ஈரத்தில் ஒட்டியது கண்ணாடியோடுதான் வரும், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

அந்த ஈரம் லூப்பையும் விடாது. லென்ஸுகளுக்கு நடுவே சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும், மடக்கும் இடத்துத் திருகு துருப்பிடித்து இறுகும். தோல் உறையில் வைத்தால் உறை ஈரத்தை உறிஞ்சி லென்ஸுக்கே கொடுக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடியும் போடலாம்.

என்ன வாங்குவது? ஒன்றே ஒன்று என்றால் கிராஃப் தாள் சோதனையில் தேறிய, 18 அல்லது 21 மி.மீ. கண்ணாடியுள்ள 10 மடங்கு டிரிப்லெட். நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது ஆன்லைனில் எண்ணை நம்பி வாங்குவதைவிட மேல். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய லூப் கண்ணில் பட்டால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். கை நடுக்கம் உள்ளவர் 8 மடங்கு ஸ்டாண்டு வாங்கலாம். விளக்கு வைத்த லூப் எல்லாம் வேண்டாத செலவு, அதன் வெளிச்சம் நேராக மேலிருந்து விழுந்து பளபளப்புப் பிரிண்டில் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும்.